எண்ணித் துணிந்த பேராசிரியர்

லிங்கநகரிலிருந்து கொழும்பு சென்று வியாபார நிர்வாக முதுமாணிப் படிப்பை மேற்கொண்டுள்ள எம் பழைய மாணவரொருவர், விடுமுறையில் எம்மைக் காண வந்தபோது செயற்பாட்டு முகாமைத்துவம் பற்றிய பாடநூலொன்றையும் உடன் கொண்டு வந்தார். கலைச்சொற்கள் சிலவற்றிற்குத் தமிழ் கேட்பதே அவர் நோக்கம். கப்பல் துறையிற் காத்திருக்கும் நேரம், களஞ்சியத்தில் வைத்தற்குரிய சரக்கின் அளவு, ஆலையிற் பழுதாகும் பண்டத்தின் விகிதம் என, எம் துறைமுகத்தில் நாளும் நிகழ்பவையே ஆங்குக் கணக்குகளாய் இருக்கக் கண்டோம். ஆயின் நூலில் வரும் பெயர்கள் யாவும் மேனாட்டார், யப்பானியர் பெயர்களே. இக்கலையை எம் அயலில் வேரூன்றச் செய்த ஒருவரின் வரலாற்றை இளைஞர் அறிதல் நன்றெனக் கருதி இதனை எழுதலானோம்.

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 யூன் 29 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். பௌதிகம் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். ஆங்கு எம் கணிதமேதை இராமானுசன் அவர்க்கு நண்பரானார். குளிர்காலத்தில் இராமானுசன் மேலங்கியோடும் சால்வையோடும் நடுங்கியபடி துயில்வதை அறிந்த மகலனோபிஸ், கம்பளிகள் போதாவோ என எண்ணி அறையினுட் சென்று நோக்கினார். கம்பளிகள் பல இருந்தன. கட்டிலில் இறுக மடித்துச் செருகியிருந்தமையால், அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுத்தல் வேண்டுமென்பதைக் கும்பகோணத்துப் பிள்ளை அறிந்திலர்! பொருட் குறைவன்று, பயன்படுத்தும் முறையே குறையென்பதை நேரிற் கண்டு தெளிந்த அப்பார்வையே பின்னாளில் அன்னாரின் ஆராய்ச்சி அனைத்திலும் நின்றது எனல் மிகையாகாது.

தாயகம் திரும்பும் கப்பலில் ‘பயோமெட்ரிக்கா’ என்னும் புள்ளிவிவர ஆய்விதழின் தொகுதிகளைப் படித்தவர், பௌதிக ஆசிரியராயிருந்தவாறே அத்துறையில் மூழ்கினார்.

1926 இல் ஒரிசாவிற் பிராமணி ஆறு பெருக்கெடுத்தது. ஆற்றின் அடித்தளம் உயர்ந்துவிட்டது, ஆதலின் கரைகளை உயர்த்துதல் வேண்டும் என்பது பொறியியலாளர் துணிபு. மகலனோபிஸ் ஏறத்தாழ 60 ஆண்டு மழைப் பதிவுகளையும் நீர்மட்டப் பதிவுகளையும் எடுத்துக் கணித்து, அடித்தளம் உயரவேயில்லை, மேற்பகுதியிற் கொட்டிய பெருமழையே காரணம் என நாட்டினார். பெரும்பொருள் செலவிட்டுக் கரைகளை உயர்த்தியிருப்பின் செலவு போயிருக்கும். கரையோரக் குடிகளின் அச்சமோ அவ்வாறே இருந்திருக்கும். மேலணைகள் கட்டுதலே வழியென்றார். 1957 இல் திறக்கப்பெற்ற ஹிராகுட் அணைத் திட்டத்திற்கு அன்னாரின் கணிப்புகளும் அடிப்படையாயின.

1931 டிசெம்பர் 17 இல் இந்தியப் புள்ளிவிவர நிறுவனத்தை நிறுவினார். வங்காளத்துச் சணல் விளைவை அளத்தற்கு 1937 முதல் மாதிரி ஆய்வுகள் நடத்தினார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எம்மவர் வழக்கு. ஆனாற் பானையின் மேற்புறத்துச் சோற்றை மட்டும் எடுத்தால் அடியிற் கரிந்தது தெரியவருமோ? எவ்விடத்து வயலைப் பார்ப்பதென்பதை அலுவலரின் விருப்பிற்கு விடாது, தற்செயல் முறையால் துணிந்தமையே அன்னாரின் திறம். ஒரே பகுதிக்கு இரு குழுக்களைத் தனித்தனியே அனுப்பி, இரண்டன் விடையையும் ஒப்பிட்டு, அளப்போரின் பிழையையும் அளந்தார். முழுக் கணக்கெடுப்பின் பத்திலொரு பங்குக்கும் குறைந்த செலவில், அதனினும் செம்மையான விடை கிடைத்தது. 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இவ்வனுபவத்தின் விளைவே.

ஆலைகளையும் அவர் மறந்திலர். தரக் கட்டுப்பாட்டின் தந்தையெனப்படும் அமெரிக்க அறிஞர் வால்டர் சூகாட்டை 1947-48 இல் இந்தியாவிற்கு வரவழைத்தார். ஆலைக்கு ஆலை அப்பயிற்சி பரவிற்று. தரம், நம்பகம், செயற்பாட்டாய்வு ஆகியவற்றைப் பட்டப்பின் படிப்பாக அந்நிறுவனம் இன்றும் கற்பித்து வருகின்றது. எம் மாணவரின் பாடநூலிற் பாதி அங்கே பாடமாகும்.

1956 இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் கனரகத் தொழில்களுக்கு முதன்மை தந்தவர் இவரே. பொருளியலாளர் பி. ஆர். செனாய் அதன் அளவை ஏற்காது தம் மறுப்பை எழுதிவைத்தார். அடுத்த ஆண்டே அந்நியச் செலாவணி நெருக்கடி தோன்றியமையை நோக்க, அம்மறுப்பிலும் உண்மையுண்டென்றே எமக்குத் தோன்றுகின்றது. ஆற்றையும் வயலையும் அளந்தாற்போல் ஒரு நாட்டை அளத்தல் எளிதன்று போலும்.

1972 யூன் 28 இல், எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முதல்நாள், அன்னார் காலமானார். அப்பிறந்தநாளை இந்தியா 2007 முதற் புள்ளிவிவர நாளாகக் கொண்டாடி வருகின்றது.