சங்கிலியில் கற்ற பலம்

பலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது மனக்கண்முன் தோன்றுவன புடைத்தெழுந்த புஜங்களும் பரந்த மார்புமேயாம். பெரும் பாரத்தைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்துகிறவனைப் பலசாலியென்று உலகம் கொண்டாடுகிறது. அப்பாரம் முழுவதையும் கீழிருந்து தாங்கி, அணுவளவும் அசையாமல் நிற்கும் அவனுடைய கால்களை நோக்குவார் அரியர். கோபுரத்தை வியந்து அஸ்திவாரத்தை மறக்கும் இந்த மயக்கம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. கால்களை ஊன்றி அசைவற நிறுத்திக்கொண்டு, அந்நிலையிலேயே கைகளுக்கும் தோளுக்கும் மார்புக்கும் வேலை கொடுக்கும் பயிற்சியின் மேன்மையைத் தம் வாழ்க்கையாலேயே எடுத்துக் காட்டியவர் அலெக்ஸாண்டர் ஸாஸ். ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து இங்கிலாந்தில் மறைந்த அவரை மேடையுலகம் ஸாம்ஸன் என்ற பட்டப்பெயரால் அறிந்திருந்தது. அவருடைய சரித்திரம் தேகப்பயிற்சியில் நாட்டமுள்ளவர் மட்டுமன்றி, துன்பத்தில் தளராதிருக்க விரும்பும் எவரும் அறியத்தக்கது.

ஸாஸ் 1888-ம் வருஷத்தில், இப்போது லித்துவேனியாவின் தலைநகராக விளங்கும் வில்னா நகரில் பிறந்தார். இளமைப் பருவத்தை ருஷ்யாவின் உட்பகுதியிலுள்ள ஸாரன்ஸ்க் என்ற ஊரில் கழித்தார். தம் மகன் ரயில் எஞ்ஜின் ஓட்டிப் பிழைக்க வேண்டுமென்பது தகப்பனாரின் எண்ணம். மகனுடைய உள்ளமோ ஊருக்கு வந்த சர்க்கஸில் கண்ட பலசாலி ஒருவனிடம் பறிபோய்விட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்த யூஜின் ஸாண்டோவின் தேகப்பயிற்சி முறைகளை அச்சிறுவர் படித்தார். பச்சை மரக்கொம்புகளை வளைத்தும் கற்களைத் தூக்கியும் தம் கைகளைப் பழக்கினார். ரயில் வேலை கற்பதற்காக ஓரன்பர்க் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், அங்கே முகாமிட்டிருந்த சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். 

சர்க்கஸ் வாழ்வு அவருக்கு ஓர் உண்மையைக் கற்பித்தது. அவர் பெருத்த சரீரம் உடையவரல்லர். உயரம் சுமார் ஐந்தரை அடி. எடை எண்பது கிலோவுக்கு உட்பட்டது. மேடையில் அவரைவிடப் பருத்த புஜமுடையோர் பலர் இருந்தனர். பருத்த தசை வேறு, பலம் வேறு என்று அவர் கண்டுகொண்டார். தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் உறுதிப்பட வேண்டும். பாதம் முதல் விரல்நுனி வரையில் சரீரம் முழுவதும் ஒன்றாய் இறுகி நிற்கப் பழக வேண்டும். இவ்விரண்டுமின்றித் தசையை மட்டும் வளர்ப்பது பயனற்றதென்பது அவருடைய திடமான கொள்கையாயிற்று. ஆனால் இக்கொள்கையின் முழுப் பொருளை அவர் உணர்ந்தது சர்க்கஸ் கூடாரத்திலன்று, சிறையிலேதான்.

1914-ல் உலக யுத்தம் மூண்டது. ருஷ்யப் படையில் போர்வீரராய் ஆஸ்திரியர்களை எதிர்த்து நின்ற ஸாஸின் இரு கால்களிலும் பீரங்கிக் குண்டின் சிதறல்கள் பாய்ந்தன. எதிரிகளின் கையில் சிக்கி, ஆஸ்திரிய ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தார். கால்களை வெட்டியெடுப்பதைப் பற்றி வைத்தியர்கள் ஆலோசித்தார்கள். பலத்தையே ஜீவனமாகக் கொண்ட ஒரு வாலிபனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறென்ன இருக்க முடியும்? வேண்டாமென்று அவர் மன்றாடினார், கால்கள் தப்பின. ஆயினும் அவற்றில் பழைய வலுவில்லை. ஊன்றுகோலின் துணையால் நடந்த அந்தக் கைதி, சிறு சிறு அசைவுகளால் தாமே தமக்கு வைத்தியம் செய்துகொண்டு மீண்டும் நிற்கக் கற்றார்.

நின்றவுடன் அவர் நினைத்தது ஓடுவதைப் பற்றியே. பலமுறை அவர் தப்பினார், பிடிபட்டார், பிடிபட்ட ஒவ்வொரு முறையும் காவல் கடுமையாயிற்று. கடைசியில் கையிலும் காலிலும் விலங்கு பூட்டி அவரைத் தனியறையில் அடைத்தார்கள். அங்கே தூக்குவதற்குப் பாரமில்லை, உலாவுவதற்கு இடமில்லை, வயிறார ஆகாரமுமில்லை. இருந்தவை சங்கிலியும் ஜன்னல் கம்பியும் அவருடைய சரீரமுமே. சாதாரண மனிதன் விலங்கைக் கண்டு மனமுடைவான். ஸாஸ் அதையே தமது தேகப்பயிற்சிக் கருவியாக்கிக்கொண்டார். முழங்காலை மடித்துத் தாழ்ந்த நிலையில் வாத்தைப்போல் நடந்தார். முதுகைப் பின்னோக்கி வளைத்தார். சங்கிலியைத் தம் முழுப் பலத்தையும் கொண்டு இழுத்தார். கம்பியைப் பற்றி அது வளையாதென்று தெரிந்தே வளைக்க முயன்றார். இரும்பு அசையவில்லை. ஆனால் அசையாத இரும்பை எதிர்த்து இறுகி இறுகித் தளர்ந்த சரீரத்தினுள்ளே பலம் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வந்தது.

இவ்விடத்தில் சற்று நின்று இந்தப் பயிற்சியின் தத்துவத்தைச் சிந்திப்போம். தண்டால், பஸ்கி முதலியவற்றில் மூட்டு மடங்கி நிமிர்கிறது. தசை சுருங்கி நீள்கிறது. அசைவற்ற பயிற்சியிலோ மூட்டு ஒரே கோணத்தில் நிற்கிறது. தசை மட்டும் இறுகுகிறது. ஐசோமெட்ரிக் பயிற்சியென்று இக்காலத்தில் வழங்குவது இதுவே. சங்கிலியின் ஒரு முனையைப் பாதத்தால் அழுத்தி, முழங்காலைச் சிறிது மடித்து நின்று, மறுமுனையைக் கைகளால் மேல்நோக்கி இழுப்பவனைக் கவனியுங்கள். கை எவ்வளவு வலுவாய் மேலே இழுக்கிறதோ, அவ்வளவு வலுவாய்க் கால் பூமியை ஊன்றியாக வேண்டும். கால் தளர்ந்தால் கையின் முயற்சி வீணாகும். இடுப்பு துவண்டால் இரண்டும் வீணாகும். ஆகவே கை, தோள், முதுகு, இடுப்பு, தொடை, பாதம் ஆகிய யாவும் ஒரே கணத்தில் ஒரே கட்டளைக்கு அடங்கி நிற்கின்றன. ஒரு நேரத்தில் ஓர் அங்கத்தை மட்டும் பழக்கும் முறைக்கில்லாத இந்த ஒற்றுமையே இதன் சிறப்பு.

இத்தத்துவம் தமிழருக்குப் புதிதன்று. பரதநாட்டியம் பயிலும் சிறுமி அரைமண்டியில் அமர்ந்து, தொடை நடுங்கினாலும் நிலை குலையாமல், கைகளால் அபிநயம் பிடிப்பதை நாம் கண்டிருக்கிறோம். கீழே நிலைத்தன்மை, மேலே இயக்கம் என்ற விதி அங்கும் ஆட்சி செய்கிறது.

ஸாஸின் சரித்திரத்திற்குத் திரும்புவோம். இறுதியாகச் சிறையிலிருந்து தப்பிய அவர் புடாபெஸ்ட் நகரை அடைந்து, மூட்டை சுமந்து பிழைத்தார். பிறகு குஸ்தி வீரர்களின் உதவியால் மீண்டும் சர்க்கஸ் உலகில் புகுந்தார். ஐரோப்பிய நாடுகளில் சுற்றி, 1924-ல் இங்கிலாந்தை அடைந்தார். லண்டன் நகர மேடைகளில் அவர் சங்கிலிகளை அறுத்தார். இரும்புக் கம்பிகளை வளைத்தார். உள்ளங்கையால் ஆணியைப் பலகையில் அறைந்து, விரல்களால் அதைப் பிடுங்கினார். இரும்பு உத்திரத்தைப் பற்களால் கவ்வித் தூக்கினார். குதிரையொன்றைத் தோளில் சுமந்து நடந்தார். ஒருகால் வெட்டுண்டு போயிருக்க வேண்டிய கால்கள் குதிரையையும் தாங்கி நடந்தன என்பதை நினைக்கும்போது, அச்சாகஸங்களில் எல்லாம் கைகளைவிடக் கால்களே நமது வியப்புக்குரியனவாகின்றன.

1920-களின் நடுவில் வெளியான அவருடைய சுயசரிதமே அவரது யுத்தகால வரலாற்றுக்குப் பெரும்பாலும் ஆதாரமாகும். மேடைக் கலைஞரின் வாக்கில் சிறிது வர்ணம் கலந்திருத்தல் இயல்பே. சங்கிலிகளையும் பயிற்சிப் பாடங்களையும் அவர் தபால் மூலம் விற்றதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை பொய்யன்று என்பதைப் பிற்கால விஞ்ஞானம் காட்டியது. 1953-ல் ஜெர்மனியின் டார்ட்முண்டில் ஹெட்டிங்கர், முல்லர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், ஒருவர் தம் முழுப் பலத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டு நாளொன்றுக்கு 6 விநாடி தசையை இறுக்கினாலே வாரத்திற்குச் சுமார் 5 சதவீதம் பலம் பெருகுமென்று வெளியிட்டார்கள். அவ்வளவு விரைவான வளர்ச்சி எல்லோருக்கும் கிட்டாதென்று பிந்திய சோதனைகள் திருத்தின. எந்தக் கோணத்தில் மூட்டை நிறுத்திப் பழகுகிறோமோ, அக்கோணத்தையொட்டியே பலம் மிகுதியாய் வளர்கிறது என்பதும் தெளிவாயிற்று. எனவே நிலைப்பயிற்சி அசைவுப் பயிற்சிக்குத் துணையேயன்றி, அதற்கு மாற்றன்று.

2023-ல் வெளியான பெரியதோர் ஆராய்ச்சித் தொகுப்பு மற்றொரு பயனையும் காட்டுகிறது. 270 சோதனைகளை ஒப்பிட்ட அத்தொகுப்பில், ஓய்வுநிலை இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் அசைவற்ற பயிற்சிகள் முதலிடம் பெற்றன. அவற்றுள்ளும், சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் அமர்ந்தாற்போல் முழங்காலை மடித்து நிற்கும் நிலை மேலான அழுத்தத்தைக் குறைப்பதில் சிறந்து விளங்கிற்று. 

காலை நிறுத்திக் கைக்கு வேலை கொடுக்க விரும்புவோர் இந்நிலையிலிருந்தே தொடங்கலாம். சுவரில் சாய்ந்து, தொடை தரைக்குச் சரிமட்டமாவதற்கு முன்னரே நின்றுவிடுக. குதிகால் பூமியில் அழுந்தியிருக்கட்டும். அந்நிலையில் சிறு பாரங்களையோ, நீர் நிரப்பிய செம்புகளையோ கைகளில் ஏந்தி, மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. அரை நிமிஷம் போதுமானது. பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். மூச்சை அடக்குவது மட்டும் கூடவே கூடாது. மூச்சை அடக்கி இறுகும்போது இரத்த அழுத்தம் திடீரென்று உயரும். இருதய நோயோ மிகுந்த இரத்த அழுத்தமோ உடையவர்கள் வைத்தியரைக் கலந்த பின்னரே இதில் இறங்க வேண்டும். முழங்காலில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிமிர்ந்துவிடுவதே விவேகம். கை சோர்வதற்கு முன் கால் சோரும்; அப்போது பயிற்சியை நிறுத்துவது தோல்வியன்று. நிலை குலைந்தபின் கையை வலிந்து ஆட்டுவதனால்தான் முதுகுக்குக் கேடு விளைகிறது.

ஸாஸ் தமது பிற்காலத்தில் மிருகங்களைப் பழக்கும் தொழிலில் ஈடுபட்டு, 1962-ல் இங்கிலாந்தில் காலமானார். எஸ்ஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள ஹாக்லி என்னும் சிற்றூரில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் முதன்முதலாய் சர்க்கஸில் சேர்ந்த ஓரன்பர்க் நகரம் 2008-ல் அவருக்குச் சிலையெடுத்துத் தன் கடனைத் தீர்த்துக்கொண்டது. 

விலையுயர்ந்த கருவிகளும் விசாலமான கூடங்களும் இருந்தால்தான் தேகத்தை வளர்க்க முடியுமென்று கருதுவோர் இக்காலத்தில் மிகுந்து வருகின்றனர். அவற்றை வாங்க வகையற்றவர், பலமும் நமக்கில்லையென்று வாளாவிருந்துவிடுகின்றனர். நான்கு சுவரும் ஒரு சங்கிலியும் மட்டுமே உடையவராயிருந்த கைதி ஒருவர் அவர்களுக்கு விடை கூறிச் சென்றிருக்கிறார். அவரைக் கட்டிய விலங்கு அவரை நலிவிக்கவில்லை, நிற்கக் கற்பித்தது. கால் நிலைத்து நின்றால் கை தானே வலுப்பெறும் என்பதே அவர் வாழ்க்கையின் சாரம். இவ்வுண்மை தேகத்திற்கு மட்டுமே உரியதென்று யார் சொல்லக்கூடும்?