சீட்டாட்டத்திற்கு இலக்கணம் கண்ட ஈலை கல்பர்ட்சன்

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்ட அளவில் முகஞ்சுளிப்போர் நம்மில் பலர். பணம் வைத்தாடிக் குடி கெட்டோர் கதை நம் ஊர்களில் ஏராளம். ஆதலின் அச்சுளிப்பில் நியாயமும் உண்டு. ஆயின் அதிர்ஷ்டத்தை அறிவின் கட்டுக்குள் கொணர முயலும் ஆட்டமும் ஒன்றுண்டு. அதுவே காண்ட்ராக்ட் பிரிட்ஜ். அதனைச் சாதாரணக் குடும்பங்களின் கூடம் வரை கொண்டு சேர்த்தவருள் முதல்வர் ஈலை கல்பர்ட்சன்.

1891-ஆம் ஆண்டு ருமேனியாவில் பிறந்தார். தந்தையார் அமெரிக்க நாட்டுச் சுரங்கப் பொறியாளர். தாயார் ருஷ்யப் பெண்மணி. எண்ணெய்க் கிணறுகளால் செழித்த அக்குடும்பத்தின் செல்வம் 1917-ஆம் ஆண்டு ருஷ்யப் புரட்சியில் அடியோடு அழிந்தது. கையில் பொருளின்றி நின்ற இளைஞருக்குச் சீட்டாடும் திறமை ஒன்றே பிழைக்கும் வழியாயிற்று. ஐரோப்பிய நகரங்களில் ஆடிப் பிழைத்துப் பின் அமெரிக்கா சேர்ந்தார். நியூயார்க்கில் பிரிட்ஜ் ஆசிரியையாக விளங்கிய ஜோசபின் என்னும் அம்மையாரை 1923-இல் மணந்தார். இருவரும் ஆட்டத்திலும் இணைந்தனர்.

1925-இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் செல்வர், கப்பற்பயணம் ஒன்றில், பழைய ஆட்டத்திற்குப் புதிய மதிப்பெண் முறையை வகுத்தார். பழைய முறையில் கேட்டதற்கு மேல் எடுத்த பிடிகளும் ஆட்டக் கணக்கில் சேரும். புதிய முறையிலோ, ஏலத்தில் ஒப்பந்தமாகக் கேட்ட பிடிகளே அக்கணக்கில் சேரும். ஆகவே, எத்தனை கேட்பது என்பதே தலையாய கேள்வி ஆயிற்று. இங்கேதான் கல்பர்ட்சனின் மதிநுட்பம் வெளிப்பட்டது.

பதின்மூன்று சீட்டுகள் கொண்ட ஒரு கை, ஏறத்தாழ 63,501 கோடி வகையாக அமையக்கூடும். அதனை எதிரில் அமர்ந்த கூட்டாளிக்கு உணர்த்த விதி அளிக்கும் சொற்களோ முப்பத்தெட்டே. ஏலங்கள் 35, மற்றவை பாஸ், டபுள், ரீடபுள். ஏலம் என்பது வெறும் விலை கூறல் அன்று, அது ஒரு மொழி என்று அவர் கண்டார். மொழியாயின் இலக்கணம் வேண்டுமன்றோ? எந்த ஏலத்திற்குக் கூட்டாளி வாளாவிருக்கலாம், எதற்குக் கட்டாயம் மறுமொழி கூறவேண்டும் என்று வரையறுத்தார். உயர்ந்த சீட்டுகளின் வலிமையைப் பிடிக்கணக்கில் அளந்தார்.

சான்றாக, ஒரே இனத்து ஏஸும் ராணியும் ஒரு கையில் இருப்பின் அதனை ஒன்றரைப் பிடி என மதித்தார். ஏஸ் ஒரு பிடி எடுக்கும். ராணிக்கு அரைப் பிடி ஏன்? கூட்டாளி அவ்வினத்தை இறக்கும்போது, ராஜா நமக்கு முன் ஆடும் எதிரியிடம் இருந்தால், அவர் அதைப் போட்டால் ஏஸால் வெல்லலாம். போடாவிடில் ராணியே வெல்லும். நமக்குப் பின் ஆடுபவரிடம் இருந்தாலோ ராணி வீழும். இரண்டிற்கும் வாய்ப்புச் சமம். ஆகவே அரை.

1929-இல் பிரிட்ஜ் வேர்ல்டு என்னும் இதழைத் தொடங்கினார். 1930-இல் அவரது நீலநூல் வெளிவந்தது. அவர் முறையை மறுத்த வல்லுநர் சார்பில் சிட்னி லென்ஸ் எதிர்நின்றார். 1931 டிசம்பர் 7 முதல் 1932 ஜனவரி 8 வரை நியூயார்க்கில் 150 ரப்பர்கள் ஆடப்பெற்றன. நடுவராக அமர்ந்த இளம் படை அதிகாரி ஆல்பிரட் குரூந்தர், பிற்காலத்தில் நேட்டோ படைகளின் தலைமைத் தளபதி ஆனார். லென்ஸின் கூட்டாளியான ஆஸ்வால்டு ஜாக்கோபி 103 ரப்பர்களுக்குப் பின் மனவேறுபாட்டால் விலகினார். முடிவில் கல்பர்ட்சன் பக்கம் 8,980 புள்ளிகளால் வென்றது. கூட்டாளிகளுக்குள் நம்பிக்கை குலைந்தால் கைதேர்ந்த ஆட்டக்காரரும் தடுமாறுவர் என்பதற்கு அப்போட்டி சான்றாயிற்று.

இவ்வாட்டத்தின் அறமும் கருதத்தக்கது. குரலை உயர்த்தியும் முகங்கோணியும் குறிப்புக் காட்டலாகாது. கூட்டாளி நெடுநேரம் தயங்கிப் பாஸ் சொன்னால், அத்தயக்கத்திலிருந்து அறிந்ததைக் கொண்டு பயனடைதலும் விதிக்குப் புறம்பு. தம் ஏலத்தின் உடன்பாட்டுப் பொருளை எதிரணி கேட்டால் மறைக்கவும் ஒண்ணாது. இருவர்க்குள் வழங்கும் மொழி நால்வர்க்கும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்பதே கொள்கை.

1937-இல் புடாபெஸ்ட் நகரில் ஆஸ்திரிய அணியிடம் கல்பர்ட்சன் அணி தோற்றது. அடுத்த ஆண்டு, கூட்டாளிகளின் ஒற்றுமைக்கு உலகிற்கே இலக்கணம் வகுத்த அத்தம்பதியர் மணவிலக்குப் பெற்றனர். சீட்டின் மொழியைச் செம்மைப்படுத்தியவர்க்கும் இல்லறத்தின் மொழி எளிதாகக் கைவரவில்லை போலும்! பின்னர் அவர் உள்ளம் உலக அமைதியை நாடியது. நாடுகளின் படைவலிமைக்கு வரம்பு வகுத்து, பொதுப்படை ஒன்றால் போரைத் தடுக்கும் திட்டத்திற்காகத் தம் பிற்கால ஆண்டுகளைச் செலவிட்டார். அது நிறைவேறக் காணாமலே 1955 டிசம்பரில் மறைந்தார். சில திங்களில் ஜோசபினும் காலமானார்.

அவருடைய பிடிக்கணக்கும் நிலைக்கவில்லை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்னும் எளிய கணக்கைச் சார்லஸ் கோரன் பரப்பியபின் அது வழக்கொழிந்தது. ஆயினும் ஏலம் ஒரு மொழி என்ற உண்மை நிலைத்துவிட்டது. தாய்மொழி வழங்காத ஊரில் பிழைக்க வந்த நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும். தெரிந்த சொற்கள் சிலவேயாயினும், சொல்பவரும் கேட்பவரும் ஒரே பொருள் கொண்டால் காரியம் நடக்கிறது. பொருள் வேறுபட்டால் ஆயிரம் சொல்லும் வீணே. நால்வர் அமர்ந்த மேசைக்கும், நானூறு குடும்பங்கள் கூடிய சங்கத்திற்கும் இது பொருந்தும்.