கரிசலில் கலந்த நாதம்: காருகுறிச்சி அருணாசலம்

வானம் பார்த்த பூமியாகிய கரிசல் நிலத்தில் உயர்ந்த இசையைக் கேட்பதற்கு மக்களுக்கு வாய்த்த அரங்குகள் கோயில் கொடைகளும் திருமணப் பந்தல்களுமே ஆகும். அங்கே நுழைவுச்சீட்டு கிடையாது. பருத்திக் காட்டில் பகலெல்லாம் உழைத்தவனும் பண்ணையாரும் ஒரே நாதத்தைக் கேட்டனர். பொருநைக் கரையில் பிறந்து, கோவில்பட்டியைத் தம் ஊராக ஏற்றுக்கொண்ட காருகுறிச்சி அருணாசலத்தின் வாழ்வு இத்தகைய அவையோடு பிணைந்தது.

சேரன்மாதேவியை அடுத்த காருகுறிச்சியில் 1921ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தொடக்கப் பயிற்சியை நெல்லைச் சீமையிலேயே பெற்றபின், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) மாணாக்கரானார். பெரிய மேளக் கலைஞர்களை ஊர்வலத்தில் நடக்க வைத்தும் ஓரத்தில் நிற்க வைத்தும் பழகியிருந்த சமூகத்தில், தமக்குரிய மதிப்பைக் கேட்டுப் பெற்றவர் இராஜரத்தினம். அத்தகைய ஆசானிடம் மாணவர் கற்றது இசை மட்டுமன்று. கலைஞனின் தன்மதிப்பையும் கற்றார் எனல் தகும்.

ஆயினும் பெரும் ஆசானின் நிழல் சீடனை மறைத்துவிடுவதும் உண்டு. இராஜரத்தினத்தின் தோடியைக் கேட்டு வளர்ந்தவர், அதன் நகலாக நின்றிருந்தால் வரலாறு அவரை மறந்திருக்கும். இராக ஆலாபனையே நாதசுரத்தின் உயிர் என்னும் பாடத்தை ஆசானிடம் பெற்ற அருணாசலம், அதில் தமக்கேயுரிய குழைவையும் இனிமையையும் சேர்த்தார். சீவாளியில் பட்ட மூச்சு, வாய்ப்பாட்டின் நெளிவுகளோடு வெளிப்பட்டது. திறந்த வெளிக்கென அமைந்த கருவியில் மென்மையைக் காட்டியதே அவரது தனித்தன்மை.

அவர் குடியேறிய கோவில்பட்டி வட்டாரமும் இசையறிவில் வறண்டதன்று. விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) இராக விரிவில் வல்லவராக இப்பகுதியில் விளங்கினார். இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் எழுத்தைப் போலவே இசையையும் நேசித்தனர். மழை பொய்த்த மண்ணில் சுவை பொய்க்கவில்லை.

1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' அவரது புகழை நாடெங்கும் பரப்பியது. எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், ஆபேரி இராகத்தில் அமைந்த 'சிங்காரவேலனே தேவா' பாடலில் எஸ். ஜானகியின் குரலும் அவரது நாதசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்தன. திரையில் ஜெமினி கணேசன் நாதசுரம் ஏந்தினார். ஒலித்தது அருணாசலத்தின் மூச்சு. இசைத்தட்டு ஏறிய அந்நாதம், குழாய் ஒலிபெருக்கிகளின் வழியே சிற்றூர்த் திருமணங்களிலும் முழங்கியது. மேளக் கச்சேரிக்குப் பொருள் செலவிட இயலாத ஏழை வீட்டுப் பந்தலிலும் காருகுறிச்சியார் வாசித்தார் என்றே கூறலாம்.

இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. இசைத்தட்டு நுழைந்த பந்தலில் உள்ளூர் நாதசுரக்காரருக்கு இடம் சுருங்கியது. நான்கைந்து நிமிடப் பாடலில் மயங்கிய செவிகள், விரிந்து செல்லும் ஆலாபனைக்குப் பொறுமை காட்டத் தயங்கின. ஒரு கலைஞனைப் பரப்பும் கருவியே அவன் கலையைச் சுருக்கவும் கூடும். இது நாதசுரத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. மேடைக் கைத்தட்டலுக்காக எழுதத் தலைப்படும் கவிஞனும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

புகழின் உச்சியில், 1964ஆம் ஆண்டு, நாற்பதுகளின் தொடக்கத்திலேயே அருணாசலம் மறைந்தார். ஆசான் மறைந்து எட்டாண்டு முடியுமுன் சீடரும் சென்றது நாதசுர உலகிற்கு நேர்ந்த பேரிழப்பு. கோவில்பட்டி அவருக்குச் சிலை எடுத்துத் தன் கடமையை ஆற்றியது. எனினும் அவருக்குரிய மெய்யான நினைவுச் சின்னம், எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளில் விரியும் ஆலாபனைகளே. திரைப்பாடலால் அவரை அறிந்தோர் அவற்றையும் அமர்ந்து கேட்பார்களாயின், அக்கலைஞர் முழுமையாக வெளிப்படுவார்.