ரெம்பிராண்ட் வரைந்த ரெபெக்காள்

எல்லாத்தையும் இழந்த ஒரு மனுஷன் கையில பிரஷ் கொடுத்தா எதை வரைவார்? யோசிச்சுக்கிட்டே படிங்க.

1606-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், மாவு மில் வைத்திருந்தவரின் மகனாகப் பிறந்தார் ரெம்பிராண்ட். இருபதுகளிலேயே ஆம்ஸ்டர்டாமில் பெரிய பெயர். 1634-இல் சாஸ்கியாவுடன் கல்யாணம். 1639-இல் 13,000 கில்டருக்கு ஒரு பெரிய வீடு, அதுவும் நம்ம இ.எம்.ஐ மாதிரி தவணையில். யூதர்கள் நிறைய பேர் வாழ்ந்த பகுதி அது. அக்கம்பக்கத்தில் இருந்த ரப்பி மெனாசே பென் இஸ்ரேலின் புத்தகத்துக்கு 1655-இல் நாலு படம் போட்டும் கொடுத்தார்.

ஆனா வாழ்க்கை சரிய ஆரம்பிச்சு ரொம்ப நாள் ஆயிருந்தது. முதல் மூணு குழந்தைகளும் கைக்குழந்தையாவே இறந்துட்டாங்க. மகன் தீத்துஸ் மட்டும் பிழைச்சான். 1642-இல் சாஸ்கியா போனார். 1656-இல் திவால், வீடு, சேர்த்து வெச்ச ஓவியங்கள் எல்லாம் ஏலத்துக்குப் போச்சு. 1662-இல் சாஸ்கியாவின் கல்லறையைக்கூட விற்க வேண்டி வந்தது. அடுத்த வருஷம், துணையாக இருந்த ஹென்ட்ரிக்யே இறந்தார். 1668-இல் தீத்துஸும். அவனுக்கு 26 வயசுதான்.

இந்தக் கடைசி வருஷங்களில் வரைஞ்சதுதான் ‘யூத மணப்பெண்’. அந்தப் பெயர் 19-ஆம் நூற்றாண்டில் மற்றவங்க வெச்சது. ஓவியத்தில் இருப்பது ஈசாக்கும் ரெபெக்காளும் என்பதுதான் இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு.

யார் இந்த ரெபெக்காள்? வழிப்போக்கர் ஒருவர் குடிக்கத் தண்ணி கேட்டார். அவருக்குக் கொடுத்ததோட நிற்காம, அவரோட பத்து ஒட்டகங்களுக்கும் தானே இறைச்சு ஊத்தினாள். தாகமான ஒட்டகம் நூறு லிட்டர் வரை குடிக்கும். கணக்கை நீங்களே போட்டுக்கோங்க. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை பெண் குழந்தைகளை ஆசீர்வதிக்கும்போது சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் மாதிரி இருக்கணும்னுதான் வாழ்த்துவாங்க.

ரெம்பிராண்ட் கிணத்தையும் வரையலை, ஒட்டகத்தையும் வரையலை. அவர் எடுத்துக்கிட்டது வேறொரு காட்சி. அந்நிய ஊரில் உயிருக்குப் பயந்து, அண்ணன் தங்கைன்னு சொல்லிக்கிட்டு வாழ்ந்த கணவன் மனைவி, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு நெருங்கி நிற்கும் நிமிஷம். இதே காட்சியை வரைஞ்ச அவரோட கோட்டோவியத்தில், மேலே இருந்து எட்டிப் பார்க்கும் ராஜா அபிமெலேக்கு இருக்கார். பெரிய ஓவியத்தில் ராஜாவைக் காணோம். இருட்டுப் பின்னணி, ரெண்டே பேர். பெயிண்டை அப்பி அப்பி வெச்ச பொன் நிறச் சட்டைக்கை. அவன் கை அவள் நெஞ்சின் மேல். அவள் விரல்கள் அந்தக் கையின் மேல், பட்டும் படாம.

1669 அக்டோபர் 4-இல் ரெம்பிராண்ட் இறந்தார். வயது 63. வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில், பெயர்கூட இல்லாத ஒரு வாடகைக் கல்லறையில் புதைச்சாங்க.

ஓவியம் இப்போ ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கு. போன்லயே தேடிப் பார்க்கலாம். ஜூம் பண்ணும்போது முகங்களை விட்டுட்டு முதல்ல அந்தக் கைகளைப் பாருங்க. இத்தனை பேரைப் பறிகொடுத்தவர், ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதை மறக்கவே இல்லை.