பெனிசிலின் கண்ட பிளெமிங்

காலிற் குத்திய முள்ளும், மண்வெட்டி பட்ட சிறு காயமும் மனிதனின் உயிரைக் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தை மாற்றி வைப்பதிற் பெரும் பங்கு கொண்டவர் சேர் அலெக்சாண்டர் பிளெமிங். அவர் பெயரைக் கேளாதார் நம்முட் சிலரே. ஆயின் அவர் நடந்து வந்த வழியை அறிந்தாரும் சிலரே.

ஸ்கொத்லாந்தின் எயர்ஷயர் பகுதியில், டார்வெல் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள பண்ணையொன்றில் 1881ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி அவர் பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். பின் இலண்டன் சேர்ந்து, சில காலம் கற்று, கப்பற் கம்பனி ஒன்றிலே நான்கு ஆண்டுகள் இலிகிதராக இருந்தார். உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற சிறு பணம் கைக்கு வரவே, சென் மேரிஸ் வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். 1906இல் அங்கே அல்ம்றோத் றைட் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்திற் புகுந்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவ்விடமே அவரது பணிக்களம் ஆயிற்று.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. பிரான்சின் பூலோன் நகரில் அமைந்த இராணுவ வைத்தியசாலையிற் பிளெமிங் பணி செய்தார். குண்டுக்குத் தப்பியவர் பலர், காயத்திற் புகுந்த கிருமிக்குத் தப்பாது மாண்டனர். வைத்தியர்கள் கடுமையான கிருமிகொல்லிகளைக் காயங்களில் இட்டனர். ஆழ்ந்த காயத்தின் மூலைமுடுக்குகளை அவை சென்றடைவதில்லை என்பதையும், கிருமியோடு போராடும் வெண்குருதிக் கலங்களையே அவை கொல்கின்றன என்பதையும் அவர் பரிசோதனையாற் காட்டினார். கிருமியைக் கொன்று மனிதனைக் காக்கும் மருந்து உண்டா? இவ்வினா அவரை விட்டு அகலவில்லை.

1922இல், கண்ணீரிலும் மூக்குச்சளியிலும் முட்டை வெண்கருவிலும் கிருமிகளைக் கரைக்கும் லைசோசைம் என்னும் பொருள் இருப்பதை அறிவித்தார். ஆயின் கொடிய கிருமிகளிடம் அது பலிக்கவில்லை.

1928 செப்டெம்பரில், விடுமுறை கழிந்து திரும்பியவர், ஸ்ரபிலோகொக்கசுக் கிருமி வளர்த்த கண்ணாடித் தட்டு ஒன்றிற் பூஞ்சணம் பிடித்திருக்கக் கண்டார். அதனைச் சுற்றியிருந்த கிருமிகள் கரைந்து போயிருந்தன. பழுதான தட்டென்று அதைக் கழுவி வைத்திருக்கலாம். லைசோசைமிற் பழகிய கண் அவ்வாறு விடவில்லை. இதனைத் தற்செயல் என்பாருளர். பூஞ்சணம் விழுந்தது தற்செயலே. அதன் பொருளை அறிந்த கண்ணோ பல்லாண்டு உழைப்பில் விளைந்தது.

1929இல் அவர் எழுதிய கட்டுரையைப் பொருட்படுத்தினோர் மிகச் சிலர். பெனிசிலினைத் தூய நிலையிற் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. அக்குறையை நிறைவு செய்தோர் ஒக்ஸ்போட்டிலிருந்த புளோரி, செயின், ஹீற்லி முதலியோர். 1940 மே மாதத்தில், கொடிய கிருமி ஏற்றிய எட்டு எலிகளுள் பெனிசிலின் பெற்ற நான்கும் மறுநாளும் உயிரோடிருந்தன. பெறாத நான்கும் இறந்தன. 1941இல், சாகுந் தறுவாயிலிருந்த பொலிஸ்காரர் ஒருவர் அம்மருந்தால் தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்தே அதை மீட்டெடுத்து மீண்டும் ஏற்றினர், போதவில்லை. அவர் இறந்தார். மருந்து கைக்கு வந்தும் அளவு போதாமற் போன ஓர் உயிரை நினைக்க நம் நெஞ்சு கனக்கிறது. பின்னர் அமெரிக்காவிற் பெருமளவில் உற்பத்தி நடந்தது. 1944இல் நோர்மண்டிப் போர்க்களத்துக்கு மருந்து தாராளமாகச் சென்றது.

1945இல் பிளெமிங், புளோரி, செயின் மூவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர். உலகப் புகழோ பெரும்பாலும் பிளெமிங்கையே சேர்ந்தது. ஏனையோர் பங்கையும் சேர்த்து நினைத்தலே நேர்மையாகும்.

அப்பரிசு பெற்ற வேளையிலேயே அவர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். அளவு குறைய மருந்து கொள்வோர் கிருமியைக் கொல்வதில்லை. மருந்தை எதிர்த்து நிற்க அதனைப் பழக்குகின்றனர் என்பதே அது. 1955 மார்ச் 11இல் அவர் மறைந்தார். 1961இல், பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த மெதிசிலினுக்கும் அடங்காத ஸ்ரபிலோகொக்கசு இங்கிலாந்தில் அறியப்பட்டது. இன்று இத்தகைய கிருமிகள் உலகெங்கும் உள.

நாம் செய்யக்கூடியது என்ன? தடிமன் வைரசினால் வருவது. இம்மருந்து அதற்கு உதவாது. மிஞ்சிய குளிசையை அயலாருக்குக் கொடுப்பதும், வைத்தியர் குறித்த நாளுக்கு முன் நாமாக நிறுத்துவதும் தகாதவை. இளைஞராகிய நாம் இதனை வீட்டிற் சொல்வோம், பெரியோரும் செவிசாய்ப்பார்களாக. அன்று மருந்து போதாமல் ஓர் உயிர் போயிற்று. மருந்து இருந்தும் அது பலியாமல் உயிர் போகும் நிலை நம் கவனக்குறைவால் வருதல் ஆகாது.