தலைமைக்கும் கல்வி வேண்டும்: எல்வுட் கப்பர்லியின் வாழ்வும் பணியும்

பள்ளியில் பாடம் நடத்துதல் ஒரு கலை. பள்ளியையே நடத்துதல் மற்றொரு கலை. நல்லாசிரியர் ஒருவர் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்கும் நாளில் முன்னதை விட்டுப் பின்னதற்குள் அடியெடுத்து வைக்கிறார். வரவு செலவுக் கணக்கும், கட்டடப் பராமரிப்பும், ஆசிரியர் நியமனமும், ஊராரின் மனத்தாங்கலும் அவரிடம் ஒருசேர வந்து சேர்கின்றன. இவற்றை அவர் எங்கே கற்றார்? இவ்வினாவுக்குப் பல்கலைக்கழகத்தில் விடைகாண முற்பட்ட அமெரிக்க முன்னோடிகளுள் ஒருவர் எல்வுட் பாட்டர்சன் கப்பர்லி. அவர்தம் வாழ்வில் போற்றத்தக்கனவும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கனவும் உண்டு. இரண்டையும் ஒருங்கே காண்பதே முறையாகும்.

இளமையும் கல்வியும்

கப்பர்லி 1868ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். மகனும் அத்தொழிலையே மேற்கொள்ளல் வேண்டும் என எண்ணியவர். ஆயின், அந்நாளில் இந்தியானா பல்கலைக்கழகத் தலைவராக விளங்கிய டேவிட் ஸ்டார் ஜோர்டன் உயர்கல்வியின் பயன் குறித்து ஆற்றிய உரை இளைஞரின் நெஞ்சை மாற்றிற்று. அப்பல்கலைக்கழகத்திலேயே பயின்று 1891இல் பட்டம் பெற்றார். அவருக்கு நிலவியலில் நாட்டம் மிகுதி. எனினும் ஆசிரியப் பணியே அவரை ஈர்த்துக்கொண்டது. 1893இல், இருபத்தைந்தாம் வயதில், வின்சென்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

பயிற்சியின்றி ஏற்ற பொறுப்பு

1896இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரப் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராக அவர் அமர்த்தப்பெற்றார். பள்ளி நிருவாகம் குறித்து முறையான பயிற்சி எதுவும் அவர் பெற்றிருக்கவில்லை. கல்வி வாரியத்துப் பூசல்களுக்கிடையே பள்ளிகளை நடத்த வேண்டியிருந்தது. அரசியல் சார்பிலிருந்து பள்ளிகளை விடுவித்துத் தேர்ந்த வல்லுநர்வசம் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் கருத்து இப்பட்டறிவால் அவருள் வேரூன்றியது எனலாம்.

1898இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் கல்வித்துறை அவரை அழைத்தது. அங்குத் தலைவராக இருந்தவர் அதே ஜோர்டன். பிற துறைப் பேராசிரியர்கள் கல்வித்துறையை மதிக்கவில்லை. மூன்றாண்டுக்குள் அத்துறைக்கு மதிப்புத் தேடித் தரல் வேண்டும். இயலாதெனில் துறையே மூடப்படும் என்னும் நிபந்தனை அவர்முன் வைக்கப்பெற்றது. தாம் முன்பு கற்றிராத துறையைக் கற்றுக்கொண்டே கற்பிக்கும் நிலை அவருடையது. துறை நிலைபெற்றது. பின்னர் அவரே மாணவராகி, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் 1905இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஏழைப் பள்ளிக்காக ஓர் ஆய்வு

அவரது ஆய்வுப்பொருள் பள்ளி நிதிப் பங்கீடு. செல்வம் மிக்க பகுதி குறைந்த வரியிலேயே நல்ல பள்ளியை நடத்துகிறது. வறிய பகுதியோ மிகுந்த வரி செலுத்தியும் குறைந்த வசதியே பெறுகிறது. இவ்வேற்றுமையை மாநில அரசு தன் நிதியால் இயன்றவரை நேர்செய்தல் வேண்டும் என அவர் நிறுவினார். நிருவாகம் என்பது வெறும் கோப்புப் பணியன்று, நீதியைச் சார்ந்தது என்பதற்கு இவ்வாய்வே சான்று. 1906இல் ஆசிரியர்க்குரிய உரிமச் சான்றிதழ்கள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. மாநிலந்தோறும் வேறுபட்டுக் கிடந்த நடைமுறைகளை ஆராய்ந்து, தகுதிவரம்பை உயர்த்த வழி கூறியது அந்நூல்.

1916இல் வெளிவந்த பொதுப்பள்ளி நிருவாகம் பற்றிய பெருநூல் பயிற்சி வகுப்புகளில் பாடநூலாயிற்று. நிதி, சட்டம், கட்டடம், மேற்பார்வை, பள்ளி ஆய்வு ஆகியன தனித்தனிப் பாடங்களாக வளர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிருவாகிகளுக்கெனத் தனி உரிமச் சான்றிதழை ஏற்படுத்தின. பல்கலைக்கழகம் பயிற்றுவிக்க, மாநிலம் உரிமம் வழங்க, கல்வி வாரியம் பணியமர்த்தும் முறை உருப்பெற்றது. 1917 முதல் 1933 வரை கல்விப் புலத்தின் தலைவராக விளங்கிய கப்பர்லியின் மாணவர் பலர் கண்காணிப்பாளர்களாயினர். யாரை எந்நகருக்கு அனுப்புவது என்பதில் அவர் சொல்லுக்குப் பெருமதிப்பு இருந்தது.

நிழலும் உண்டு

ஒளி மிகுந்த இவ்வாழ்வின் நிழலை மறைத்தல் தகாது. 1909இல் எழுதிய நூலில், தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய மக்களைத் தற்சார்பும் ஒழுங்கும் அற்றோர் என அவர் இழித்துரைத்தார். எல்லாரும் சமம் என்னும் எண்ணத்தை நகரப் பள்ளிகள் கைவிடல் வேண்டும் என்றும் கருதினார். 1916ஆம் ஆண்டு நூலில் பள்ளியை ஆலையாகவும் குழந்தையை மூலப்பொருளாகவும் உருவகித்தார். 1913இல் போர்ட்லாந்து நகரப் பள்ளிகளை ஆய்ந்தபோது, அங்கு நிலவிய எந்திரத்தனமான ஒரே அச்சு முறையைக் கடிந்துரைத்தவரும் அவரே என்பது வியப்புக்குரியது. ஆசிரியருள் பெரும்பான்மையோர் பெண்களாயிருக்க, நிருவாகப் பதவிகள் பெரிதும் ஆண்களிடமே தங்கின. 1962இல் ரேமண்ட் கல்லகன், 1965இல் லாரன்ஸ் கிரெமின் ஆகியோர் எழுதிய நூல்கள் அவரது சிந்தனையை மறு ஆய்வுக்கு உட்படுத்தின.

நிறைவாக

நூல் வருவாயையும் முதலீட்டால் ஈட்டிய பொருளையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அவரது கொடையால் எழுந்த கல்விப் புலக் கட்டடம் ஸ்டான்போர்டில் 1938இல் திறக்கப்பெற்றது. 1941இல் அவர் மறைந்தார்.

வறிய பகுதிக் குழந்தைக்கு நிதி மறுக்கப்படுவதைக் கணக்கிட்டுக் காட்டிய கண்கள், குடியேறியோர் குழந்தையின் மாண்பைக் காணத் தவறின. பயிற்சி அவருக்குக் கணக்கைத் தந்தது. குழந்தைகள் அனைவரையும் ஒப்ப நோக்கும் உள்ளத்தைத் தரவில்லை. தலைமைப் பதவிக்குப் பயிற்சி தேவை என்பதை அவர் பணி உணர்த்துகிறது. பயிற்சி மட்டும் போதாது என்பதை அவர் பிழை உணர்த்துகிறது. நாளை தலைமையாசிரியராகவோ கல்லூரி முதல்வராகவோ அமரவிருக்கும் மாணவச் செல்வங்கள் இவ்விரண்டையும் மனங்கொள்வார்களாக. உரிமச் சான்றிதழ் நாற்காலியில் அமரும் தகுதியைத் தரும். அந்நாற்காலியின் முன் வந்து நிற்கும் குழந்தை யாருடையதாயினும் அதனைத் தன் குழந்தையாகக் கருதும் பண்பை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.