ஓஸ் நாட்டைப் பூட்டிய எழுத்தாளர்... திறக்க வைத்த குழந்தைகள்! யார் இந்த ஃபிராங்க் பாம்?

சாதாரண வீட்டுக் குழந்தை ஒன்று திடீரென மாய உலகத்தில் போய் விழும். சிறுவர் கதைகளில் இது தனி ரகம். சூறாவளி தூக்கிச் சென்ற டோரத்தி இந்த ரகம்தான். அவளை உருவாக்கியவர் அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம்.

1856-ல் பிறந்தவர். தெற்கு டகோட்டாவில் கடை வைத்தார், மூடினார். பத்திரிகை நடத்தினார், அதுவும் படுத்துவிட்டது. சிகாகோவுக்குப் போய், பீங்கான் சாமான் விற்க ஊர் ஊராக அலைந்தார். 44 வயதில், 1900-ல் வந்தது 'தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்'. செம ஹிட்!

அதன்பின் அவர் வேறு கதைகளும் எழுதினார். குழந்தைகள் கேட்டதோ ஓஸ் கதைதான். அலுத்துப்போன பாம், 1910-ல் ஆறாவது ஓஸ் புத்தகத்தில் அந்த நாட்டையே மந்திரத்தால் மறைத்து, இனி அங்கிருந்து சேதியே வராது என்று முடித்துவிட்டார்.

ஆனா, அடுத்த வருஷமே திவால். ஓஸ் கதைகளைப் படமும் மேடையும் கலந்த காட்சியாக நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார். புதுக் கதைகளும் ஓஸ் அளவுக்கு விற்கவில்லை. கடன்காரர்களும் குழந்தைகளும் சேர்ந்து நெருக்கினால் யார்தான் தாங்குவார்? 1913-ல் மறுபடியும் ஓஸ்!

மறைந்த நாட்டிலிருந்து சேதி எப்படி வந்ததாம்? வயர்லெஸ் தந்தியில். அந்த யோசனை ஒரு குழந்தை கொடுத்தது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார் பாம். பிறகு வருஷத்துக்கு ஒரு ஓஸ் நாவல். 1919-ல் அவர் இறந்தார். 14-வது நாவல் மறுவருஷம் கடைக்கு வந்தது.